வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை: ஓராண்டுக் கெடுவைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

தாய் இந்தியர், பெங்களூருக்காரர். தந்தை பாகிஸ்தானியர். துபாயில் குடும்பம். அங்கேயே இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். தந்தை வழியில் இருவருக்கும் பாகிஸ்தான் பாஸ்போர்ட் எடுக்கப்பட்டது. பிறகு கணவன் மனைவிக்குள் விவாகரத்து. பிள்ளைகள் தாயிடம் வளர்ந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்ப நினைத்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. பிள்ளைகளின் பாகிஸ்தான் பாஸ்போர்ட்டுகள் அந்நாட்டுத் தூதரகத்தில் ஒப்படைக்கப்பட்டன. மனிதாபிமான அடிப்படையில் இந்திய அரசு தற்காலிகப் பயண ஆவணம் கொடுத்தது. அதை வைத்து பெங்களூரு வந்து சேர்ந்தார்கள்.

"அம்மா இந்தியர், பிள்ளைகள் இந்திய மண்ணில் இருக்கிறார்கள், பாகிஸ்தான் பாஸ்போர்ட்டையும் கொடுத்தாச்சு. இனி குடியுரிமை கொடுக்க என்ன தடை?" என்றுதான் யாருக்கும் தோன்றும். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். நாகபிரசன்னா முன் வழக்கு வந்தது. மனு தள்ளுபடி ஆனது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பது வேறு, குடியுரிமையைத் துறப்பது வேறு என்பதுதான் அதற்கான காரணம். பாகிஸ்தான் சட்டப்படி 21 வயது நிரம்பியவர்தான் குடியுரிமையைத் துறக்க முடியும். மைனர்களால் முடியாது. துறக்காத வரை அவர்கள் பாகிஸ்தான் குடிமக்களே. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை.

பாகிஸ்தான் என்ற பெயர் வருவதால் இது ஏதோ அபூர்வமான வழக்கு என்று நினைக்க வேண்டாம். இதற்குள் இருக்கும் மூன்று முடிச்சுகளும் (பிறந்தவுடன் பதிவு செய்யாதது, வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தது, மைனரால் குடியுரிமையைத் துறக்க முடியாதது) அமெரிக்காவில் இருந்து ஒயிட்ஃபீல்டுக்குத் திரும்பும் ஐடி குடும்பத்துக்கும் அப்படியே பொருந்தும்.

அப்பா, அம்மா இந்தியர் என்றால் குழந்தையும் இந்தியர்தானே?

பாதிதான் சரி. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளி வழியில் குடியுரிமை தருவது 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. இந்தப் பிரிவு மூன்று கட்டமாக மாறியிருக்கிறது. 1992 டிசம்பர் 10-க்கு முன் பிறந்தவர்களுக்குத் தந்தை இந்தியராக இருக்க வேண்டும். தாய் மட்டும் இந்தியர் என்றால் கணக்கில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்று திருத்தப்பட்டது. மூன்றாவது மாற்றம்தான் இன்றைய பெற்றோரைப் பாதிப்பது: 2004 டிசம்பர் 3 முதல், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் அது இந்தியக் குடிமகன் ஆகும்.

அதாவது பெற்றோர் இருவரும் அசல் இந்தியர்களாகவே இருந்தாலும், பதிவு இல்லையென்றால் குடியுரிமை இல்லை. பிறந்த நாட்டின் முனிசிபாலிட்டி தரும் பிறப்புச் சான்றிதழ் இந்தப் பதிவு ஆகாது. தூதரகத்தில் படிவம் 1-ஐ நிரப்பி, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பாஸ்போர்ட், திருமணச் சான்று எல்லாம் வைத்துத் தனியாகச் செய்ய வேண்டியது அது. பொதுவாகக் குழந்தைக்கு முதல் இந்திய பாஸ்போர்ட் கேட்கும்போதே இதையும் சேர்த்து முடித்துவிடுவார்கள்.

கூடவே ஒரு உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டின் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். சட்டத்தின் வார்த்தைகளைக் கவனியுங்கள்: 'வேறு நாட்டின் குடியுரிமை இல்லை' என்று சட்டம் கேட்கவில்லை. 'பாஸ்போர்ட் இல்லை' என்றுதான் கேட்கிறது. ரொம்பப் பேர் இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

துபாயில் பிறந்தால் ஒரு கதை, டல்லாஸில் பிறந்தால் வேறு கதை

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அந்த மண்ணில் பிறந்ததாலேயே குடியுரிமை கிடைக்காது. இந்தியப் பெற்றோருக்கு அங்கே பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமையை விட்டால் வேறு வழியே இல்லை. பதிவு செய்யாமல் விட்டால், சட்டத்தின் கண்ணில் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். ஆனால் நடைமுறையில் அங்கே பெரும்பாலும் தவறு நடப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் ரெசிடென்ஸ் விசா எடுத்தாக வேண்டும், தவறினால் அபராதம். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பதிவு வேண்டும். அந்த நெருக்கடியே வேலையை முடித்துவிடும். தவறுவது பெரும்பாலும் குடும்பத்தின் காகிதங்களே சரியில்லாத இடத்தில்தான்: விசா முடிந்து தங்கியவர்கள், திருமணச் சான்று இல்லாதவர்கள், கணவன் பாஸ்போர்ட்டைத் தர மறுக்கும் பெண்கள்.

பிரிட்டனில் 1983 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. வொர்க் விசாவில் இருக்கும் இந்தியத் தம்பதியின் குழந்தை லண்டனில் பிறந்தாலும் பிரிட்டிஷ்காரர் ஆகாது. பிறந்து முதல் 10 ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தால் பதிவு செய்துகொள்ளும் உரிமை உண்டு. ஆஸ்திரேலியாவும் 1986 ஆகஸ்ட் 20 முதல் கிட்டத்தட்ட இதே வழிக்குப் போய்விட்டது. "லண்டன்ல பிறந்தா பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தானா வந்துடும்" என்று நம்பி ஓராண்டைக் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவும் கனடாவும் வேறு ரகம். அமெரிக்காவில் அரசியலமைப்பின் 14-வது திருத்தம், அந்த மண்ணில் பிறந்த குழந்தையைக் குடிமகனாக்குகிறது. தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு இதை மறுக்கும் உத்தரவில் அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று கையெழுத்திட்டார். அது உடனே நீதிமன்றங்களுக்குப் போனது. ஹெச்-1பி விசாவில் இருக்கும் இந்தியக் குடும்பங்கள் 'நம்ம குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை எப்படி வாங்குவது' என்று புதிதாகத் தேடத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்காவில் பிறந்த குழந்தையை இந்தியராகப் பதிவு செய்ய முடியுமா?

முடியும், அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்காமல் இருந்தால். பிறப்பால் அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறது என்பது தடையல்ல. சட்டமே இந்த இரட்டை நிலையை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. 4-வது பிரிவின் (1ஏ) துணைப்பிரிவு சொல்வது இது: வம்சாவளியால் இந்தியக் குடிமகனாக இருக்கும் மைனர், வேறு நாட்டுக்கும் குடிமகனாக இருந்தால், 18 வயது நிறைந்த 6 மாதத்துக்குள் அந்த வேறு நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்று பொதுவாகச் சொல்கிறோம்; குழந்தைகள் விஷயத்தில் மட்டும் பதினெட்டரை வயது வரை இந்தச் சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது.

அப்போ எல்லாரும் இதையே செய்யலாமே? அங்கேதான் பிரச்சினை. அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் அந்நாட்டுக்குள் வரவும் வெளியேறவும் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். குழந்தையை இந்திய பாஸ்போர்ட்டில் பெங்களூரு கூட்டி வந்துவிட்டு, திரும்பப் போகும்போது அமெரிக்க விசா கேட்டால் கிடைக்காது. 'நீ எங்கள் குடிமகன், எங்கள் பாஸ்போர்ட்டை எடு' என்பார்கள். எடுத்தால் இந்திய பாஸ்போர்ட் போச்சு. அதனால் இந்த வழி, கொஞ்ச காலத்தில் நிரந்தரமாக ஊர் திரும்புவது உறுதி என்கிற குடும்பத்துக்குத்தான் பொருந்தும். இரண்டு பாஸ்போர்ட்டையும் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்த உறுதிமொழி பொய்யாகிவிடும். பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம்.

ஓராண்டு கடந்துவிட்டது. இனி?

கதவு மூடிவிடவில்லை. 'மத்திய அரசின் அனுமதியுடன்' ஓராண்டுக்குப் பிறகும் பதிவு செய்யலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தைப் பிறந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்திலேயே கொடுக்க வேண்டும். ஏன் தாமதம் என்று விளக்கக் கடிதம் வேண்டும். தூதரகம் அதைப் புது டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பும். இது உரிமையாகக் கிடைப்பதல்ல, அரசின் அனுமதி. இந்தக் காலத்திலும் குழந்தைக்கு வேறு பாஸ்போர்ட் எடுத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது.

பெங்களூரு பிள்ளைகள் வழக்கில் இந்த வழி அடைபட்டதும் இதனால்தான். தாய் இந்தியர் என்பதால் பிறந்த ஓராண்டுக்குள் அவர்கள் பிறப்பைப் பதிவு செய்திருக்க முடியும். பதிவு செய்யாமல் பாகிஸ்தான் பாஸ்போர்ட் எடுத்த பிறகு அந்த வழி இல்லை.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு பெங்களூரு வந்துவிட்ட குழந்தை

பெங்களூரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். குழந்தையிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட். பெற்றோர் இருவரும் இன்னும் இந்தியக் குடிமக்கள். வேலை மாறி ஊரோடு வந்தாயிற்று. பெரும்பாலானோர் எடுப்பது ஓசிஐ அட்டை. வாழ்நாள் விசா, போலீஸ் பதிவு தேவையில்லை, பள்ளியில் சேர்ப்பதில் தொல்லையில்லை. பெயரில் 'சிட்டிசன்' என்று இருந்தாலும் இது குடியுரிமை அல்ல. ஓட்டு இல்லை, அரசுப் பணி இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி வரிசையில் யாராவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் ஓசிஐயும் கிடைக்காது. (ஆதார் இருக்கே என்று கேட்பவர்களுக்கு: ஆதார் இங்கே வசிப்பவர் என்பதற்கான அடையாளம், குடியுரிமைச் சான்று அல்ல.)

குழந்தை சிறியதாக இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பிளஸ் டூ நெருங்கும்போதுதான் தெரியும். 2020 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், தொழில்முறைப் படிப்புச் சேர்க்கையில் ஓசிஐ மாணவர்களை இந்திய மாணவர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சில மாதங்களிலேயே, 2021 மார்ச் 4 அன்று, மத்திய அரசு புதிய அறிவிக்கை வெளியிட்டது: நீட் உள்ளிட்ட நுழைவுத் தேர்வுகளை ஓசிஐ மாணவர்கள் எழுதலாம், ஆனால் என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கும் மட்டுமே சேர முடியும். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2023 பிப்ரவரி 3 தீர்ப்பில், அந்த அறிவிக்கைக்கு முன்பே ஓசிஐ பெற்றவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று நீதிமன்றம் சொன்னது. 2021 மார்ச் 4-க்குப் பிறகு அட்டை வாங்கிய குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்று எல்கேஜி படிக்கும் ஓசிஐ குழந்தையின் பெற்றோர் டாக்டர் கனவு வைத்திருந்தால், என்ஆர்ஐ கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

குடியுரிமையே வேண்டும் என்றால் 5(1)(டி) பிரிவு இருக்கிறது. இந்தியக் குடிமக்களின் மைனர் குழந்தைகளைப் பதிவு மூலம் குடிமக்களாக்கும் வழி அது. உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் விண்ணப்பித்து, அச்சுப் பிரதியையும் ஆவணங்களையும் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். கர்நாடகத்தில் அவர் பெயர் டெபுட்டி கமிஷனர், சுருக்கமாக டிசி. பெங்களூரு நகர மாவட்டத்துக்குக் கெம்பேகவுடா சாலையில் உள்ள டிசி அலுவலகம். அங்கிருந்து மாநில அரசு, பிறகு மத்திய அரசு. நடுவில் போலீஸ் விசாரணை உண்டு. குழந்தையின் பாஸ்போர்ட்டும் விசாவும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். கோப்பு நகரும் நேரத்தில் விசா முடிந்து போனால் தேவையில்லாத புது வம்பு. குடும்பம் இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கிறது என்றால் இதே விண்ணப்பத்தைத் தூதரகம் வழியாகக் கொடுக்கலாம்.

இந்தப் பாதையின் கடைசிப் படிதான் கஷ்டமானது. வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறந்ததற்கான ஆதாரம் வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி பெற்றோர் குழந்தை சார்பில் குடியுரிமையைத் துறக்க முடியாது. துறப்பவர் அமெரிக்காவுக்கு வெளியே அந்நாட்டுத் தூதரக அதிகாரி முன் நேரில் நின்று, தான் செய்வது என்ன என்று புரிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையிடம் இதை எப்படி எதிர்பார்ப்பது? பாகிஸ்தான் சட்டம் 21 வயது என்று கறாராகச் சொல்வதும், அமெரிக்கச் சட்டம் புரிதல் வேண்டும் என்பதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் கொண்டு நிறுத்துகின்றன. குழந்தையின் பிற்கால உரிமையைப் பெற்றோர் பறித்துவிடக் கூடாது என்பது அந்தச் சட்டங்களின் நோக்கம். அந்த நல்ல நோக்கம்தான் இங்கே கதவை அடைக்கிறது.

கேரளத்தில் கண்ணூரில் வசிக்கும் இரண்டு சகோதரிகளுக்கும் இதுதான் நேர்ந்தது. 2017-இல் பாகிஸ்தான் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தபோது அவர்களுக்கு 21 வயது ஆகவில்லை. அதனால் துறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 2024-இல் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, சான்றிதழ் இல்லாமலே குடியுரிமை கொடுங்கள் என்றார். 2025 ஆகஸ்டில் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. பெங்களூரு தீர்ப்பின் பக்கமே அதுவும் நின்றது.

இதற்கெல்லாம் விதிவிலக்காக ஒரு பிரிவு உண்டு. 5(4): சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால் எந்த மைனரையும் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்யலாம். முழுக்க அரசின் விருப்புரிமை. இதைக் குறிப்பிட்டு மனுக் கொடுக்கலாமே தவிர, உரிமையாகக் கேட்க முடியாது.

பெற்றோரே குடியுரிமை மாறிவிட்டால்?

இதில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வழக்குதான் இன்று நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. பெற்றோர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றார்கள். அப்போது தாய் கர்ப்பிணி. 1999 மார்ச்சில் மகன் பிறந்தார், சிங்கப்பூர் குடிமகனாக. 18 வயதானதும் 2017-இல் இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்டார். கருவில் இருந்தபோது பெற்றோர் இந்தியர்கள்தானே என்பது வாதம். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18 அன்று மாற்றித் தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பின் மையம் இரண்டு பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாடு. ஒருவர் 8-வது பிரிவின்படி தானாக முன்வந்து, அறிவிப்புக் கொடுத்து இந்தியக் குடியுரிமையைத் துறந்தால், அவருடைய மைனர் குழந்தையும் குடியுரிமையை இழக்கும். ஆனால் 18 வயதான ஓராண்டுக்குள் அந்தக் குழந்தை அதைத் திரும்பப் பெறலாம். வேறு நாட்டுக் குடியுரிமையை வாங்கிய கணத்தில் சட்டமே குடியுரிமையை முடித்துவைப்பது 9-வது பிரிவு. அந்தக் குழந்தைகளுக்கு 'திரும்பப் பெறும்' வசதி கிடையாது. நடைமுறையில் வெளிநாடு போனவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாவது வகை. ஆக, அந்த வசதி ஏட்டில் இருக்கிறதே தவிர, பயன்படுத்தக்கூடியவர்கள் குறைவு.

அப்படிப்பட்ட பிள்ளைகள் 18 வயதுக்குப் பிறகு வேறு வழியில் வரலாம். பெற்றோரில் ஒருவர் முன்பு சுதந்திர இந்தியாவின் குடிமகனாக இருந்திருந்தால், விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் தொடர்ந்து இந்தியாவில் வசித்து 5(1)(எஃப்) பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஓசிஐ அட்டை வாங்கி 5 ஆண்டு ஆகியிருந்து, அதேபோல் 12 மாதம் இங்கே வசித்திருந்தால் 5(1)(ஜி). மேஜர் ஆகிவிட்டதால் பழைய குடியுரிமையைத் துறப்பதில் வயது முட்டுக்கட்டை இருக்காது (21 வயது கேட்கும் நாடுகள் தவிர).

பெற்றோர் இருவரும் வெளிநாட்டுக் குடிமக்களாகி, ஓசிஐ அட்டையோடு பெங்களூரில் குடியேறிய பிறகு இங்கேயே பிறக்கும் குழந்தையின் நிலையையும் சொல்லிவிட வேண்டும். ஜெயநகர் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் அது இந்தியக் குடிமகன் அல்ல. இந்திய மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதி 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்தது. இப்போது பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது.

கணவன் மனைவி பிரிந்திருந்தால்

குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்கப்படும்; அதற்கான உறுதிமொழி இணைப்பு டி. ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார், அல்லது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றால் இணைப்பு சி-யில் காரணத்தை எழுதி ஒருவரே விண்ணப்பிக்கலாம். குழந்தை யார் பொறுப்பில் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலையும் வைப்பது நல்லது. வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு என்றால் மொழிபெயர்ப்பும் சான்றொப்பமும் தேவைப்படும், அதற்கு நேரமாகும். தகராறு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் ஓராண்டு ஓடிவிடும். பிறப்புப் பதிவு விண்ணப்பத்தை மட்டுமாவது தேதிக்குள் தூதரகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 10-இல் பிறந்த குழந்தை என்றால் கணக்கு 2025 மார்ச் 9-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த நாளுக்குப் பிறகு கோப்பு டெல்லிக்குப் போயே ஆக வேண்டும்.